ஒரு வருஷத்துக்கான மிளகாய்த்தூள்

மாவு மில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மோட்டாரைப் போட்டுவிட்டால் நாம் பேசுவது யாருக்கும் கேட்காது. பிடிக்காத ஆளை அவர் முகத்துக்கு நேராகவே திட்டலாம். சிரித்துக்கொண்டே திட்டினால் அவரும் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போவார். நான் அந்த வசதியில்தான் கொரிய மொழி படித்தேன்.

எங்கள் மில் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், பாலக்கோடு பஸ் நின்று போகும் ஓர் ஊரில் இருக்கிறது. வீட்டின் முன்னறைதான் மில். மாவுக்கு ஒரு மிஷின், மிளகாய்க்கு ஒரு மிஷின், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு அண்ணன் ஓசூர்க் கம்பெனி வேலையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டான். நான் பி.ஏ.வைத் தபால் வழியில் முடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முப்பத்தாறு வயது வரைக்கும் அந்த ஸ்டூல்தான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு இன்னொரு மொழி பெரிய விஷயமில்லை. தெருவில் சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம், மற்றவர்கள் தமிழ். மில்லில் வரிசை நிற்கும்போது தெலுங்கில் தொடங்கும் வம்பு கன்னடத்தில் வளர்ந்து தமிழில் சண்டையாக முடியும். மூன்றிலும் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். நாலாவதாக ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் போனில் பார்த்த ஒரு கொரிய சீரியல்.

அதில் வரும் காதலன் எனக்கு முக்கியமில்லை. நான்காவதோ ஐந்தாவதோ பகுதியில் ஒரு அம்மா காய்ந்த மிளகாய் மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு மில்லுக்கு வருவாள். அந்த ஊரிலும் மில் இருக்கிறது, அதிலும் ஒரு பெண் இருக்கிறாள்! அவள் மிளகாயைக் கொட்டிவிட்டு முகத்தைத் திருப்பித் தும்மினாள். விழும் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நானும் அப்படித்தான் பார்ப்பேன். அப்புறம் மிஷின் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேரும் வாயசைத்து ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த இடத்தில் மட்டும் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்து வரவில்லை. சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டார்கள் போல. எனக்கு அது பொறுக்கவில்லை. மில்லுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

அப்படித்தான் ஆரம்பித்தது. போனில் ஒரு செயலி, யூடியூபில் ஒரு டீச்சர். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, அவள் சொல்வதைத் திருப்பிக் கத்துவேன். மெதுவாகச் சொன்னால் எனக்கே கேட்காதே. களிக்கு ராகி அரைக்கும்போது வணக்கங்கள், கோதுமைக்கு எண்கள், மிளகாய்க்கு வினைச்சொற்கள். மிளகாய் நெடியில் கண்ணில் நீர் வழிய நின்று கத்திய வினைச்சொற்கள் எதுவும் இன்று வரைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்த மொழியில் வினை கடைசியில்தான் வருகிறது, நமக்கு வருவதுபோல. அதனால் வாக்கியம் எனக்குச் சுளுவாகவே வந்தது. நாக்குதான் வளையவில்லை.

இரண்டு வருஷத்தில் ஒரு பரீட்சை எழுதித் தேறினேன். பிறகு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷ மொழிப் படிப்புக்கு எழுதிப் போட்டேன். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் போட்டேன். கிடைத்துவிட்டது. சீட்டுப் பணமும் சேமிப்பும் இருந்தன. கோடை முடியும்போது அங்கே இருக்க வேண்டும் என்றார்கள்.

போவதைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. திரும்பி வரும்போது மில் இருக்குமா என்பதுதான் பயம். மில் தொழில் அப்படிப்பட்டது. ஒரு வாரம் மூடிக் கிடந்தால் ஜனம் பாலக்கோட்டுக்குப் போகும். ஒரு மாதம் மூடினால் கடையில் தொங்கும் பாக்கெட்டை வாங்கும். பாக்கெட் தூளுக்கு நாக்கு பழகிவிட்டால் அப்புறம் மூட்டை தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? ஒரு வருஷம் மூடிய மில் திறந்து ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாசி மாதம் முழுவதும் ராகியைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம், அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாத நேரம். எதிரில் உட்கார்ந்து நானும் கொட்டையை எடுக்க ஆரம்பித்தேன். நான் வலிய வந்து வேலை செய்தால் விஷயம் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும்.

"சொல்லு," என்றாள்.

சொன்னேன். ஒரே மூச்சில், கொரியா, படிப்பு, ஒரு வருஷம், எல்லாம். அம்மா சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துட்டிருந்தன்," என்றாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நீ ஏதோ பாஷ படிக்கறேன்னு எனக்குத் தெரியாதா? மிஷினப் போட்டுட்டு நீ கத்தற கத்து பால் சொசைட்டி வரைக்கும் கேக்குது. மிஷினு சத்தம் உன்ற காதுலதான்டி. வெளிய நிக்கறவங்களுக்கு அதுக்கு மேல உன்ற சத்தந்தான் கேக்கும்."

இரண்டு வருஷம்! 'எனக்குப் பசிக்கிறது', 'கழிப்பறை எங்கே இருக்கிறது', 'உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது', இதையெல்லாம் நான் ஊர் முழுவதற்கும் கத்தியிருக்கிறேன். நல்லவேளை, யாருக்கும் புரியவில்லை.

"என்னான்னு நெனச்சாங்க?"

"பாதிப் பேரு நீ ஜெபம் பண்றேன்னாங்க. கோடி வூட்டுக்காரரு, பாப்பாவுக்கு ஏதோ புடிச்சிருக்குது, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. நான் என்னத்தச் சொல்றது? அண்ணங்கூட போன்ல சண்ட போடறா, சொத்துத் தகராறுன்னு சொல்லி வெச்சன்."

அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் தெருப் பெண்கள் அவனை ஏன் முறைத்துப் பார்த்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பாவம், அவன் வாங்கி வந்த மிக்சரைக்கூட ஒருத்தி வேண்டாம் என்றிருக்கிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்:

"மில்லு?"

"மூடி வெக்கலாம்மா. ஒரு வருஷந்தான."

"மூடுன மில்லுக்கு எவ வருவா?"

அம்மா புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கண்ணன் ரொம்ப நாளா ரூமக் கேக்கறான். செல்போன் கடைக்கு ஒருத்தன் வாடகைக்குக் கேக்கறானாம். ரெண்டு மிஷினையும் எடைக்குப் போட்டுடலாங்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. இப்பச் சொல்றன். ஒரு வருஷம் ரூமப் பூட்டி வெக்கறன். அடுத்த வருஷம் கோட முடியறதுக்குள்ள நீ வந்துரு. வரலைன்னா உங்கண்ணங்கிட்டச் சாவியக் குடுத்துருவன். எனக்கும் வயசாகுது. பூட்டுன ரூமக் காவல் காத்துட்டு எத்தன நாளைக்கி உக்காந்திருக்கறது?"

கறாராகத்தான் சொன்னாள். அது நியாயம்தான் என்று பட்டதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. எழுந்து போய்ச் சும்மா கிடந்த மிஷினைத் துடைத்தேன்.

அம்மா ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னாளாம். எங்கள் ஊரில் ஒருத்தரிடம் சொன்னால் போதும். நாலைந்து நாளில், விடிந்து கதவைத் திறக்கும்போது வாசலில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. பக்கத்தில் பால் சொசைட்டி அக்கா. சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களுக்கு அளந்து எடுக்கிறவர் அவர். வீட்டில் தெலுங்கு, சொசைட்டியில் தமிழ், மாடுகளிடம் இரண்டும் பேசுவார். மூட்டையில் காய்ந்த மிளகாயும் மல்லியும் இருந்தன. ஒரு வீட்டுக்கு அது மிக அதிகம்.

"என்னக்கா, வூட்டுல கல்யாணமா?"

"கல்யாணமும் இல்ல, காது குத்தும் இல்ல. நீதான் போறியாமே. ஒரு வருஷத்துக்கு அரைச்சுக் குடுத்துட்டுப் போ."

"பாலக்கோட்டுல இல்லாத மில்லா?"

"அங்க எவ போவா? எனக்கு முன்னால எவ அரைச்சிட்டுப் போனாளோ, அவ மொளகா எந்த ஊருதோ. இங்கன்னா தெரிஞ்ச காரம்."

அவர் சொன்னது மில்காரிகளுக்குத்தான் சரியாகப் புரியும். மிஷினுக்குள் எப்போதும் கொஞ்சம் தூள் தங்கும். எவ்வளவு தட்டினாலும் வராது. முன்னால் அரைத்தவர் தூளில் கொஞ்சம் பின்னால் வருகிறவர் பைக்குள் விழும். அவர் தூளில் கொஞ்சம் அடுத்தவருக்குத் தங்கும். இதற்காகத் தெருவில் நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. மல்லியை அள்ளிப் போட்டுக் காரத்தைக் குறைக்கிற வீட்டுக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்று ஒருத்தி தன் பையை வரிசையில் பின்னால் தள்ளி வைப்பாள். அவளுக்குப் பின்னால் நிற்க இன்னொருத்தி யோசிப்பாள். ஆனாலும் எத்தனையோ வருஷமாக எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குழம்பிலும் பக்கத்து வீட்டுக் காரம் கொஞ்சம் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

அரைத்துக் கொடுத்தேன். சூடு ஆறுவதற்காகத் தூளைப் பழைய வேட்டியில் பரப்பிவிட்டு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சூட்டோடு டின்னில் போட்டால் வேர்த்துக் கட்டிபிடித்துவிடும். ஆறியதும் அள்ளிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்தா பாரு பாப்பா. ஒரு வருஷத்துக்குத்தான் அரைச்சிருக்கறன். அதுக்கு மேல ஒரு கரண்டிகூட இல்ல. டின்னு அடி தெரியும்போது நீ இந்த ஸ்டூல்ல இருக்கணும். ஆமா."

அவர் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஐந்து மூட்டை. அதற்கு மறுநாள் வாசலில் கால் வைக்க இடமில்லை. மிளகாய் காயும் காலம் வேறு. மாடிகளில் மிளகாய், ரோட்டோரம் மிளகாய், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி மேலேகூட மிளகாய். எல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பெல்ட் சூடேறி நாறும் வரைக்கும் அரைத்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கண் சிவந்து, தலைமுடியெல்லாம் மஞ்சளாகி நின்றேன். கொரிய விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் தும்மிக்கொண்டே எடுத்தார்.

மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் ஒரு வருஷம் தாங்கும். அது சரி. ராகியையும் கோதுமையையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கேதான் எனக்கும் ஜனத்துக்கும் முட்டிக்கொண்டது. மாவாக்கி ஒரு வருஷம் வைத்தால் வண்டு தின்னும், நீங்கள் தின்ன மாட்டீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவன் வீட்டு மூட்டையை வாங்கிக்கொண்டாய், என் மூட்டையை மட்டும் திருப்புகிறாயா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். மேலத் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு மூட்டைக் கம்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"கம்பு மாவு பத்து நாளுக்கு மேல தாங்காதுங்க. கசந்துரும். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏனுங்க தூக்கிட்டு வந்தீங்க?"

மூட்டையை இறக்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தெருவே வந்து அரைச்சுட்டுப் போவுது. நாம மட்டும் வராம இருந்தா நல்லா இருக்குமா?"

கல்யாண வீட்டில் மொய் வைக்காமல் வந்துவிட்டவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூளுக்காக மட்டும் இவர்கள் வரவில்லை. என்னை வழியனுப்ப அவர்களுக்குத் தெரிந்த வழி இதுதான். கைக்குள் பணத்தைத் திணிப்பதோ மாலை போடுவதோ ஒரு மில்காரிக்குப் பொருந்தாது என்று நினைத்திருப்பார்கள். மில்காரிக்கு என்ன செய்யலாம்? மூட்டை கொண்டுவரலாம்.

ஆனால் உறைத்தது உடனே வாயில் வரவில்லை. அலுப்பும் வெயிலும் மிளகாயும் சேர்ந்து கத்திவிட்டேன். "நான் என்ன சாகவா போறன்? ஒரு வருஷத்துல திரும்பி வருவன்! எதுக்கு இப்பிடி ஆளாளுக்கு மூட்டையத் தூக்கிட்டு வந்து உசுர எடுக்கறீங்க?"

மோட்டார் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. வரிசை முழுவதும் கேட்டுவிட்டது. பெரியவர்தான் சொன்னார்.

"வருவேன்னுதான கண்ணு அரைக்கறோம். வர மாட்டேன்னு தெரிஞ்சா வேற மில்லப் பாத்திருக்க மாட்டமா?"

அவர் கம்பில் இரண்டு படி மட்டும் அளந்து எடுத்து அரைத்துக் கொடுத்தேன். மீதியைத் தலையில் ஏற்றிவிட்டேன். சந்தோஷமாகப் போனார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வருவேன் என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டுச் சொல்லியாகிவிட்டது. உள்ளுக்குள் எனக்கு அத்தனை நிச்சயம் இல்லை. முதல் முறையாக ஒரு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கப் போகிறவளுக்கு மறுபடி அதே ஸ்டூலில் உட்காரத் தோன்றுமா? எனக்கே தெரியாத ஒன்றை இவர்கள் டின் டின்னாக அடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் மில்லைக் கழுவித் துடைத்தோம். அம்மா இரண்டு மிஷினுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நான் பெல்ட்டுகளைக் கழற்றித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, அப்பாவின் பழைய லுங்கியில் சுற்றி ஆணியில் மாட்டினேன். பெல்ட் இல்லாத மிஷினைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. நகையைக் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களைப் பார்ப்பதுபோல. அறையைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் காலி டப்பா.

"ஏன்டி, நம்ம வூட்டுக்கு அரைச்சியா?"

அரைக்கவில்லை. தெரு முழுக்க ஒரு வருஷத்துக்கு அரைத்தவள் எங்கள் வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரைக்கவில்லை. மில்காரர் வீட்டில் மொத்தமாக அரைத்து வைக்கும் பழக்கமே கிடையாது. தீர்ந்தால் அரைத்துக்கொள்வோம். முன்னறைதானே மில். அது இல்லாமல் போகும் என்று எங்கள் வீட்டு டப்பாவுக்கு யார் சொல்வது?

"சாவியக் குடு. பெல்ட்ட மாட்டி அரைச்சுடறன்."

"வேண்டாம். கற்பூரம் காட்டி நிறுத்தியாச்சு. இப்ப மறுபடி ஓட வுட்டா நீ போக மாட்ட."

"மிஷினுக்கும் நான் போறதுக்கும் என்னம்மா?"

"எனக்குத் தெரியும். நீ கையக் கழுவு."

என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். என் அம்மா ஒருத்தர் வீட்டு வாசலில் போய் ஒரு பிடி உப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பது அவளுக்கு ஆகாது. இல்லையென்றால் இல்லாமல் சமைத்துவிடுவாள். அவள் அன்றைக்குத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு தெருவின் முதல் வீட்டில் நுழைந்தாள். பிறகு இரண்டாவது வீடு. கதவுப் பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டிலும் அவள் அதிகம் பேசவில்லை. பால் சொசைட்டி அக்கா வீட்டிலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது தூக்கு நிறைந்து மூடி சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு வீட்டுத் தூளும் ஒவ்வொரு நிறம். ஓரத்தில் இன்னும் கலக்காமல் வரிவரியாகத் தெரிந்தது. அம்மா கையை விட்டு ஒன்றாகக் கலக்கினாள். பாதியைத் தன் டப்பாவில் கொட்டினாள். பாதியை இரண்டு கவரில் போட்டு வாயைக் கட்டி என் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"அங்கயும் மொளகா கெடைக்கும்மா. அவங்களும் காரந்தான் திங்கறாங்க."

"கெடைக்கட்டும். இதும் ஒரு வருஷத்துக்குத்தான்," என்றாள்.

மறுநாள் காலையில் ஓசூர் பஸ்ஸுக்கு அவள் மட்டும் வந்தாள். தெருவில் யாரும் வெளியே வரவில்லை. அவர்கள் வழியனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறும்போது போறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா என் கையை இழுத்துப் படிக்கட்டிலிருந்து கீழே இறக்கிவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். "ஒழுங்காச் சொல்லிட்டு ஏறு," என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

இப்போது இங்கே வந்து ஒரு வருஷம் நெருங்குகிறது. இலையுதிர் காலத்தில் சந்தைக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரம் நீலத் தார்ப்பாயில் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். பார்த்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்திலேயே மில் இருந்தது. தயங்கித் தயங்கி உள்ளே போய் நானும் மில்காரிதான் என்று சொன்னேன். சொன்னேன் என்றால் கத்தினேன். வகுப்பிலும் எனக்கு அதுதான் பிரச்சினை; மெதுவாகப் பேசுங்கள் என்று டீச்சர் தினமும் சொல்வார். மில்லில் மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். மிளகாய் விதையை எடுத்துவிட்டு அரைக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதையும் சொன்னேன், மில்கார அம்மா சிரித்தார். மிஷின் சத்தத்துக்கு நடுவே அங்கே நிற்கும் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்றும் காது கொடுத்துக் கேட்டேன். மருமகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முன்னால் அரைத்தவளுடைய மிளகாய் மட்டம் என்கிறார்கள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

போன மாதம் டீச்சர் கூப்பிட்டார். இன்னொரு வருஷம் இருந்தால் மேல் வகுப்பு முடிக்கலாம், பகுதிநேர வேலைக்கும் நானே சொல்கிறேன், பிறகு உங்களுக்குச் சென்னைப் பக்கம் இருக்கும் கொரியக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் மில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் சரி என்று சொல்லியாகிவிட்டது.

அறைக்கு வந்து சமைக்க உட்கார்ந்தேன். இரண்டாவது கவரின் அடி தெரிந்தது. கவரைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு குழம்புக்கு வரும். யார் வீட்டு மல்லி, யார் வீட்டு மிளகாய் என்று இந்த ஒரு வருஷத்தில் நான் எவ்வளவோ முறை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிரித்துச் சொல்ல முடிந்ததே இல்லை.

இன்னொரு வருஷம் இருக்கப்போகிறேன், சாவியை அண்ணனிடம் கொடுத்துவிடு என்று சொல்வதற்காகத்தான் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். வாக்கியத்தைக்கூட முன்னால் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அம்மா மாடியில் இருந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இரு, ஒண்ணு காட்டறன்," என்று போனைத் திருப்பினாள்.

எங்கள் மாடியில் மிளகாய். அடுத்த மாடியில் மிளகாய். பால் சொசைட்டி அக்கா வீட்டு மாடியில், கோடி வீட்டில், அதற்கு அப்பால் மேலத் தெரு வரைக்கும் எல்லா மாடியும் சிவப்பாகக் கிடந்தது. போன் ஆடியதால் அந்தச் சிவப்பும் ஆடியது.

"எல்லார் வூட்டுலயும் டின்னு காலி," அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "சொசைட்டிக்காரி மொளகாயக் கிள்ளிப் போட்டுக் கொழம்பு வெக்கறாளாம், பாக்கெட்டு வாங்க மாட்டேங்கறா. காஞ்சு முறுகிப் போச்சு எல்லாம். இன்னும் போட்டு வெச்சா நெறம் போயிரும்." இந்த ஒரு வருஷத்தில் அம்மா ஒரு தடவைகூடக் கேட்காததை அப்போதுதான் கேட்டாள். "நீ எப்ப வர்ற?"

சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அடுப்பில் அந்தக் கடைசித் தூள் போட்ட குழம்பு கொதித்து நெடி ஏறியது. எனக்கு இருமல் வந்தது. இருமி முடிக்கும் வரைக்கும் அம்மா காத்திருந்தாள்.

"ஆணியில மாட்டியிருக்கற பெல்ட்ட எறக்கும்மா," என்றேன். "பவுடரத் தொடச்சிட்டு நெழல்ல போட்டு வை. வெயில்ல போட்டுராத, வெடிச்சுரும்."